ஒரே ஒரு பெட்டியுடன் உலகம் சுற்றிய கணித மேதை!

1975-ம் ஆண்டு ஜனவரி மாதம். சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம்.

ஒரு கல்லூரி மாணவர் அங்கே காத்துக்கொண்டு நின்றார். வயது 19. பெயர், கிருஷ்ணசுவாமி அல்லாடி. சென்னை விவேகானந்தா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்.

அவர் வரவேற்கப் போனது சினிமா நட்சத்திரத்தை அல்ல, மந்திரியையும் அல்ல. உலகத்தின் மிகப் பெரிய கணித மேதைகளில் ஒருவரை! அந்த மேதை கல்கத்தாவில் இருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகவேண்டியவர். இந்த மாணவரைப் பார்ப்பதற்காகவே பயணத்தை மாற்றிக்கொண்டு, சென்னையில் இறங்கினார்.

இறங்கியதும் அவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? சென்னை நகரத்தைப் பற்றி ஒரு வேடிக்கைப் பாட்டுத் தெரியும் என்று சொல்லி, அதைப் பாடிக் காட்டினார்! பயந்துபோய் நின்ற மாணவருக்குப் பயம் போய்விட்டது. உடனே இருவரும் கணக்குப் பேசத் தொடங்கினார்கள்.

இந்த விருந்தாளியின் பெயர் பால் எர்டிஷ். ஐரோப்பாவில் உள்ள ஹங்கேரி நாட்டுக்காரர்.

கடிதம் எழுதியது அந்த மாணவர்தான். எண்களைப் பற்றித் தாமாகவே சில ஆராய்ச்சிகள் செய்து, எர்டிஷுக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது. "நான் கல்கத்தாவுக்கு வருகிறேன். அங்கே சந்திக்கலாமா?" என்பது அதன் சாரம். மாணவருக்கோ பரீட்சை! ஆகவே அவருடைய தந்தை, விஞ்ஞானி அல்லாடி ராமகிருஷ்ணன், கல்கத்தாவுக்குப் போய் மகனின் கட்டுரையைப் படித்தார். கேட்டுக்கொண்டிருந்த எர்டிஷ் நேரே அவரிடம் வந்தார். 'எனக்குத் தந்தையைப் பார்ப்பதைவிட மகனைப் பார்க்கத்தான் ஆசை' என்று தெரிவித்தார்!

சென்னைச் சந்திப்பு வீண்போகவில்லை. அந்த மாணவரும் இந்த மேதையும் சேர்ந்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 1977-ம் ஆண்டு வெளியாயிற்று.

இன்று உலகத்தில் 'வலைப்பின்னல் விஞ்ஞானம்' என்று ஒரு புது விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது. நோய் எப்படி ஊர் விட்டு ஊர் பரவுகிறது, மூளைக்குள் செய்தி எப்படி ஓடுகிறது, ஒரு நிலம் எப்போது பாலைவனமாகும் என்பதை எல்லாம் அது ஆராய்கிறது. அதில் சிறந்து விளங்கும் இளம் விஞ்ஞானிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு பரிசு கொடுக்கிறார்கள். அதன் பெயர், 'எர்டிஷ்-ரெனி பரிசு'.

எர்டிஷ் யார் என்று கொஞ்சம் பார்த்துவிட்டோம். ரெனி யார்? இருவரும் செய்தது என்ன? அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பள்ளிக்கு அனுப்பாத தாய்

எர்டிஷ் 1913-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். அப்பா, அம்மா இரண்டு பேருமே கணக்கு ஆசிரியர்கள்.

அந்த வீட்டில் அதற்கு முன்பே இரண்டு பெண் குழந்தைகள் இருந்தன. ஒன்றுக்கு வயது 5. இன்னொன்றுக்கு 3. பிரசவத்துக்காகத் தாயார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாட்களில் விஷக்காய்ச்சல் கண்டு இரண்டு குழந்தைகளும் இறந்துபோயின. பிறந்த பிள்ளையோடு வீடு திரும்பிய தாய்க்கு, வீட்டில் குழந்தைகள் இல்லை.

அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் வந்தது. தந்தை ரஷியர்களிடம் கைதியாகச் சிக்கினார். சைபீரியாவில் 6 ஆண்டுகள் இருந்தார்.

பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் நோய் தொற்றிவிடுமோ என்று அந்தத் தாய் பயந்தார். மகனை வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். கையில் ஊட்டி வளர்த்த பிள்ளை. 21 வயதில் இங்கிலாந்துக்குப் போனபோது, தேநீருடன் ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து வைத்தார்கள். எர்டிஷ் திகைத்தார். வெண்ணெயைத் தாமே தடவி அவருக்குப் பழக்கமே இல்லை! மற்றவர்கள் செய்வதைப் பார்த்துத் தாமும் தடவினார். 'அது ஒன்றும் கஷ்டமாக இல்லை' என்று பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஆனால் கணக்கில்? மூன்று வயதிலேயே மூன்று இலக்க எண்களை மனக்கணக்காகப் பெருக்குவார். வீட்டுக்கு வருகிறவர்களின் வயதைக் கேட்டு, அவர்கள் எத்தனை விநாடிகள் வாழ்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்.

ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதற்கும் அதன் இரு மடங்குக்கும் இடையே ஒரு பகா எண் கட்டாயம் இருக்கும். (தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண்தான் பகா எண்.) இதற்கு எளிய நிரூபணம் ஒன்றைக் கண்டுபிடித்து, 19 வயதில் வெளியிட்டார் எர்டிஷ். 'இதே மாதிரி இந்தியாவில் ராமானுஜன் என்பவர் முன்பே செய்திருக்கிறார்' என்று ஓர் ஆசிரியர் அவரிடம் சொன்னார். அன்று முதல் நம் ராமானுஜன் மீது அவருக்குப் பெரும் பக்தி.

வீடு இல்லை, வாசல் இல்லை

எர்டிஷ் யூதர். ஹிட்லரின் கை ஓங்கிய காலம் அது. 1938-ல் அவர் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். 1942-ல் புடாபெஸ்டில் தந்தை இறந்தார். சொந்தக்காரர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். தாயார் உயிர் பிழைத்தார். தாயும் மகனும் மறுபடி ஒருவரை ஒருவர் பார்த்தது 1948-ம் ஆண்டில். பத்து ஆண்டுகள்!

பிறகு அமெரிக்காவிலும் தொல்லை. கம்யூனிஸ்டு என்றாலே சந்தேகப்பட்ட காலம். 1954-ல் ஓர் அதிகாரி அவரை, "கார்ல் மார்க்சைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். 'அதைப்பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை; ஆனால் அவர் பெரிய மனிதர் என்பதில் சந்தேகம் இல்லை' என்று வெள்ளையாகப் பதில் சொன்னார் எர்டிஷ். வெளிநாட்டுக்குப் போனால் திரும்பி வர அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கணித மாநாடு ஹாலந்தில் நடந்தது. எர்டிஷ் போகாமல் இருப்பாரா? போய்விட்டார். 1963 வரை அமெரிக்கக் கதவு சரியாகத் திறக்கவில்லை.

அதன்பின் அவருக்கு நிலையான வீடு என்று ஒன்று கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பெட்டி. ஒரு பை. அதுதான் சொத்து! இன்று ஒரு நாடு. அடுத்த வாரம் இன்னொரு நாடு. ஏதாவது ஒரு கணித ஆசிரியரின் வீட்டுக் கதவைத் தட்டுவார். 'என் மூளை திறந்திருக்கிறது' என்பார். தூங்குகிறவரை எழுப்பியும் கணக்குப் பேசுவார். ஓயாமல் காபி குடிப்பார். சில நாட்களில் அந்த வீட்டுக்காரர் களைத்துவிடுவார். எர்டிஷ் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

84 வயதில் தாயாரும் மகனோடு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்! 1971-ல், 91-வது வயதில், கனடாவில் மகனுடன் இருந்தபோது காலமானார்.

இப்படி அலைந்து அவர் எழுதிய கட்டுரைகள் சுமார் 1,500. சேர்ந்து எழுதியவர்கள் 500-க்கும் மேல். கணித உலகத்தில் இதை வைத்தே ஒரு விளையாட்டு உண்டு. எர்டிஷுடன் சேர்ந்து எழுதியவருக்கு எண் 1. அவரோடு சேர்ந்து எழுதியவருக்கு எண் 2. ஐன்ஸ்டீனுடைய எண் 2!

எர்டிஷைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த வேடிக்கைகளில்தான் ஆசை. எனக்கும்தான். ஆனால் வலைப்பின்னல் விஞ்ஞானத்தின் கதைக்கு அவர் ஒருவர் போதாது. இன்னொருவரும் வேண்டும்.

சிப்பாய் வேடம் போட்ட மகன்

ஆல்பிரட் ரெனி. இவரும் புடாபெஸ்ட் யூதர். 1921-ல் பிறந்தவர்.

1944-ம் ஆண்டு. ஹிட்லரின் படை ஹங்கேரிக்குள் நுழைந்துவிட்டது. ரெனியைக் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் தப்பி ஓடினார். பொய்ச் சீட்டுகளை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஒளிந்து வாழ்ந்தார்.

ஆனால் அவருடைய தாய் தந்தையர்? புடாபெஸ்டில் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியில் அவர்களும் அடைபட்டுக் கிடந்தார்கள். பசி, நோய், எந்த நேரமும் சாவு.

ரெனி எப்படியோ ஒரு சிப்பாயின் உடுப்பைச் சம்பாதித்தார். மாட்டிக்கொண்டார். காவல் இருந்த அந்தப் பகுதிக்குள் நிமிர்ந்த நடையோடு போனார். கைதிகளை அழைத்துக்கொண்டு போகிற சிப்பாயைப் போல், தன் தாயையும் தந்தையையும் வெளியே நடத்திக்கொண்டு வந்துவிட்டார்!

அகப்பட்டிருந்தால் மூன்று பேர் உயிரும் போயிருக்கும். அப்போது அவருக்கு வயது 23.

1950-ல் ஹங்கேரி விஞ்ஞானக் கழகத்தின் கணித ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தியவர் இவர்தான். அந்த நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கணித நிபுணர் என்பவர் காபியைக் குடித்துக் கணித உண்மைகளை வெளியே தள்ளும் யந்திரம் என்று ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. எர்டிஷ் சொன்னது என்றே பலர் எழுதுகிறார்கள். அதைச் சொன்னவர் ரெனி.

இவர்கள் இருவரும் சேர்ந்து முப்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார்கள். அவற்றில் 1959-லும் 1960-லும் வெளிவந்தவைதான் பெரும் புகழ் பெற்றவை.

ஆயிரம் பேர் கூடிய கல்யாண வீடு

அந்தக் கட்டுரைகளில் என்ன இருக்கிறது? கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் ஊர்க் கல்யாண வீட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

ஒரு மண்டபத்தில் 1,000 பேர் கூடி இருக்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் முன்பின் தெரியாதவர்கள். நீங்கள் ஒரு குடத்தில் எல்லோருடைய பெயரையும் சீட்டு எழுதிப் போடுகிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சீட்டு எடுக்கிறீர்கள். அந்த இரண்டு பேரையும் அறிமுகம் செய்துவைக்கிறீர்கள். சீட்டுகளைத் திரும்பக் குடத்தில் போட்டு, மறுபடி இரண்டு எடுக்கிறீர்கள். இப்படியே செய்துகொண்டு போகிறீர்கள்.

இப்போது ஒருவர் காதில், "பந்தி தயார்" என்று சொல்லுங்கள். தெரிந்தவர் தெரிந்தவரிடம்தான் சொல்லவேண்டும். செய்தி எத்தனை பேருக்குப் போகும்?

100 அறிமுகம் ஆகியிருந்தால், இரண்டு மூன்று பேரோடு செய்தி நின்றுவிடும். 200, 300, 400 அறிமுகம் ஆனாலும் அங்கே ஒரு கும்பல், இங்கே ஒரு கும்பல்தான். மண்டபம் முழுவதும் செய்தி போகாது.

500-ஐத் தாண்டட்டும். அப்போதுதான் அந்த அதிசயம்! சின்னச் சின்னக் கும்பல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒரே ஒரு பெருங்கூட்டம் தலை எடுக்கிறது. 600 அறிமுகத்தில் சுமார் 300 பேர் அந்தப் பெருங்கூட்டத்தில் சேர்ந்துவிடுவார்கள். 1,000 அறிமுகத்தில் சுமார் 800 பேர்! அடுப்பில் வைத்த பால் வெகுநேரம் சும்மா கிடந்து, கண் மூடித் திறப்பதற்குள் பொங்கி வழிகிறது அல்லவா? அந்த மாதிரி.

1,000 பேரில் இரண்டு இரண்டு பேராகச் சேர்த்தால் கிட்டத்தட்ட 5 லட்சம் ஜோடிகள் வரும். அத்தனை பேரையும் அறிமுகம் செய்யத் தேவையே இல்லை. சுமார் 3,500 அறிமுகம் ஆகிவிட்டால், அநேகமாக ஓரிருவருக்கு மேல் விடுபடமாட்டார்கள். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை!

500 அறிமுகம் என்றால் என்ன பொருள்? ஓர் அறிமுகத்துக்கு இரண்டு பேர். ஆக, சராசரியாக ஆளுக்கு ஒரு பழக்கம். அந்த 'ஒன்று' என்பதுதான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே செய்தி செத்துப்போகும். அதற்கு மேலே போனால் காட்டுத் தீ!

இந்த 'ஒன்று' உங்களுக்குப் பழக்கமானதுதான். 2020-ல் கொரோனா வந்தபோது, 'ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார்?' என்று டாக்டர்கள் நாள்தோறும் கணக்குப் பார்த்தார்களே, நினைவு இருக்கிறதா? ஒன்றுக்குக் கீழே இறங்கினால் நோய் அடங்கும். ஒன்றுக்கு மேலே ஏறினால் பரவும். கல்யாண வீட்டுச் செய்தியும் கொரோனா கிருமியும் ஒரே கணக்குக்குத்தான் கட்டுப்படுகின்றன.

பொது நண்பரும் பெரிய மனிதரும்

ஆனால் நிஜ உலகம் சீட்டுக் குலுக்கியதுபோல் இருக்குமா? இருக்காது. உங்கள் நண்பர்கள் இருவர், பெரும்பாலும் தங்களுக்குள்ளும் நண்பர்களாக இருப்பார்கள். 1998-ம் ஆண்டு வாட்ஸ், ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இருவர் இதைக் கணக்கில் சேர்த்துக் காட்டினார்கள். ஊருக்கு ஊர் எல்லோரையும் தெரிந்த ஒரு பெரிய மனிதர் இருக்கிறார் அல்லவா? விமானப் பாதைகளிலும் அப்படிச் சில பெரிய நிலையங்கள் இருக்கின்றன. இந்த மாதிரி 'பெரிய மனிதர்கள்' எப்படி உண்டாகிறார்கள் என்பதை 1999-ல் பரபாசி, ஆல்பர்ட் என்ற இருவர் விளக்கினார்கள். பரபாசியும் ஹங்கேரி மொழி பேசுகிறவர்தான்.

இங்கே இருந்துதான் புது விஞ்ஞானம் கிளைவிட்டது. அதன் ஆராய்ச்சியாளர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் மாநாடு கூட்டுகிறார்கள். 2012 முதல் எர்டிஷ்-ரெனி பரிசு கொடுக்கிறார்கள். அதற்கு ஒரு நிபந்தனை: பரிசு பெறுகிறவர் 40 வயதுக்கு உட்பட்டவராக இருக்கவேண்டும்!

2017-ல் பரிசு பெற்றவர் விட்டோரியா கொலிட்சா. விமானங்களில் ஏறி நோய் எப்படி நாடு விட்டு நாடு போகிறது என்று ஆராய்கிறவர். 2020 தொடக்கத்தில், கொரோனா சீனாவைத் தாண்டுகிற நேரத்தில், பாரிஸ் நகரில் இருந்த அவருடைய குழுவினர் இரவு பகலாகக் கணக்குப் போட்டார்கள். ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் எந்த எந்த நாட்டுக்கு நோய் முதலில் வரக்கூடும் என்று, விமானப் போக்குவரத்தை வைத்து மதிப்பிட்டார்கள். அதில் பங்குகொண்டவர்களுக்கு அந்தப் பரிசைவிடப் பெரிய பரீட்சை அதுதான்.

2018-ல் பரிசு பெற்றவர் டானி பாசெட். மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்பு வைத்திருக்கின்றன என்று ஆராய்கிறவர். ஒரு புது வேலையைக் கற்கும்போது, மூளையில் அந்தத் தொடர்புகள் மாறி மாறி அமைகின்றன. மாற்றம் அதிகமாக இருந்தவர்கள் பின்னால் நன்றாகக் கற்றார்கள் என்று கண்டது இவர் குழு. இவருடன் பிறந்தவர்களையும் சேர்த்து வீட்டில் 11 பிள்ளைகள். இவரும் எர்டிஷைப் போல வீட்டிலேயே படித்தவர்!

2020-ல் பரிசு சோனியா கெஃபி என்ற பெண்மணிக்கு. வறண்ட நிலத்தில் செடிகள் திட்டுத்திட்டாக வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய திட்டு எத்தனை, சின்னத் திட்டு எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அந்த நிலம் பாலைவனமாகப்போகிறதா என்பதற்கு முன்கூட்டியே அறிகுறி கிடைக்கும் என்று 2007-ல் சொன்னவர்களில் இவர் ஒருவர்.

மாற்றாத காசோலைகள்

இளைஞர்களுக்குத்தான் என்று ஏன் வரம்பு வைத்தார்களோ! எர்டிஷ் பெயரில் உள்ள பரிசுக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

எர்டிஷ் தாமே பரிசு கொடுத்து வந்தவர். தீர்க்க முடியாத கணக்கு ஒன்றைச் சொல்லுவார். 'தீர்த்தால் 25 டாலர்' என்பார். இன்னும் கடினமானால் 100. மிகவும் கடினமானால் 1,000. பையில் பணம் இருக்கிறதா என்று யோசிக்கமாட்டார். செமரெடி என்ற ஹங்கேரிக்காரர் 1,000 டாலர் கணக்கு ஒன்றைத் தீர்த்தார். அந்தத் தீர்வு 1975-ல் வெளியாயிற்று. 2012-ல் அவருக்கு ஏபெல் பரிசே கிடைத்தது. கணிதத்துக்கு நோபல் பரிசு கிடையாது அல்லவா? ஏபெல் பரிசைத்தான் அதற்கு ஈடாகச் சொல்லுவார்கள்.

எர்டிஷின் வரவு செலவைப் பார்த்துக்கொண்டவர் ரொனால்டு கிரஹாம் என்ற அமெரிக்க நண்பர். காசோலை அனுப்புகிறவரும் அவர்தான். ஆனால் பரிசு பெற்ற பலர் அந்தக் காசோலையை பாங்கிக்குக் கொண்டுபோகவே இல்லை. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள்!

எர்டிஷுக்கு வந்த பணம்? 1984-ல் வுல்ஃப் பரிசு கிடைத்தது. அவர் பங்கு 50,000 டாலர். தமக்கென்று 720 டாலரை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட்டார். இந்தியாவில் சொற்பொழிவு செய்ததற்குக் கிடைத்த தொகையை, ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளுக்குக் கொடுக்கச் சொன்னார். அந்த அம்மாள் சென்னை திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து காலம் தள்ளியவர்.

குழந்தைகளை அவர் 'எப்சிலான்' என்பார். கணக்கில் மிகச் சிறிய அளவைக் குறிக்கும் கிரேக்க எழுத்து அது. 1985-ல் ஆஸ்திரேலியாவில் ஓர் எப்சிலானைச் சந்தித்தார். வயது 10. பெயர், டெரன்ஸ் தாவ். கிழவரும் சிறுவனும் ஒரே தாளின் மீது குனிந்து கணக்குப் பார்க்கிற புகைப்படம் கணித உலகத்தில் பிரசித்தம். பின்னர் அந்தச் சிறுவனுக்கு மேல்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதமும் எழுதிக் கொடுத்தார் எர்டிஷ்.

1970-ல் ரெனி இறந்துவிட்டார். வயது 48-தான். 1996-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி, போலந்து நாட்டின் வார்சா நகரில் எர்டிஷ் மாரடைப்பால் காலமானார். வயது 83. அப்போதும் அங்கே ஒரு கணித மாநாட்டுக்காகத்தான் போயிருந்தார். கணக்குகள் மிச்சம் இருந்தன. அதன்பிறகு தீர்த்தவர்களுக்கும் கிரஹாம் பணம் கொடுத்தார். அவர் 2020-ல் காலமானார்.

மீனம்பாக்கத்தில் காத்து நின்ற மாணவர் என்ன ஆனார்? அவருக்கும் எர்டிஷ் ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதினார். அவர் அமெரிக்காவுக்குப் போய்ப் படித்து, புளோரிடா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் 2005 முதல், ராமானுஜன் பெயரில் கும்பகோணத்தில் ஒரு பரிசு வழங்கி வருகிறது. ராமானுஜன் வாழ்ந்தது 32 ஆண்டுகள். ஆகவே 32 வயதுக்கு மேற்பட்டவருக்கு அந்தப் பரிசு கிடையாது. அதற்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்குத் தலைவராக அமர்ந்தவர், அதே கிருஷ்ணசுவாமி அல்லாடி.

2006-ல் அந்தக் குழு தேர்ந்தெடுத்தவர், டெரன்ஸ் தாவ்.